மாப்பிள்ளையின் கண்டிஷன்

அதிகம் கதைக்காதவனைச் சனம் விஷயகாரன் என்று நினைக்கும். நான் சின்ன வயதிலிருந்தே அதிகம் கதைப்பதில்லை. அடக்கம் என்று நினைக்க வேண்டாம். சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

வெள்ளவத்தையில் ஒரு தையல் மெஷின் திருத்தும் கடையில் வேலை செய்தேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆட்கள் பழுதான சாமானைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பேன். "பாத்தீங்களே, பிழையைப் பிடிச்சிட்டான்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். பிழை எங்கே என்று நான் அப்போதுதான் யோசிக்கவே தொடங்கியிருப்பேன். இப்படியே சுவர் மணிக்கூடு வந்தது. குடை வந்தது. ஒருமுறை ஒருவரின் பொய்ப்பல்லும் வந்தது. (திருத்திக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் சிரிப்பதில்லை.)

தெரியாது என்று ஒரு சொல் இருக்கிறது. நாலே எழுத்து. அதை நேரத்துக்குச் சொல்லப் பழகவில்லை. அதனால் ஒருநாள் ஒரு துவக்கின், அதாவது துப்பாக்கியின், குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தேன். அதுவும் பெண் பார்க்கப் போன வீட்டில்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என் கலியாணப் பேச்சை அக்கா எடுத்தாள். பெண் கொட்டாஞ்சேனை. பெயர் பவானி. வீட்டில் இருந்து பிளவுஸ் தைப்பவள். தகப்பன் சிவஞானம் ஐயா, கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஆள் சேர்த்துக்கொண்டு பெண் பார்க்கப் போகிற காலம் இல்லை அது. நாலு தமிழர் நல்ல உடுப்போடு ஒரு வேனில் ஏறினால், கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைக்கு இறங்க வேண்டியிருக்கும். அதனால் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"மெஷின் திருத்தப் போற மாதிரிப் போ. அவையள் உன்னைப் பாப்பினம். நீ பெட்டையைப் பார்."

"மெஷின் உண்மையாப் பழுதோ?"

"நல்லாத்தான் ஓடுதாம். நீ போய்ப் பழுதாக்கிப் போடாத."

போனேன். மாமி, அதாவது பவானியின் தாய், மெஷினைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சில்லைச் சுற்றினேன். தேங்காயெண்ணெய் ஊற்றியிருந்தார்கள். அதைத் துடைத்து நல்ல எண்ணெய் விட்டேன். பவானி கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள். கால் மட்டும் தெரிந்தது. நல்ல கால்.

அப்போது சிவஞானம் ஐயா என் தோளைத் தட்டினார்.

"தம்பி, உள்ளுக்கு வாரும். இன்னொரு மெஷின் இருக்கு."

சாமி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பட்டுத்துணிப் பொட்டலத்தை எடுத்தார். அவிழ்த்தார்.

ரிவோல்வர்.

அந்த நாட்களில் தமிழன் வீட்டில் ஒரு பெரிய கத்திரிக்கோல் இருந்தாலே கேள்வி வரும்.

"இது எங்கட அப்பாட" என்றார் ஐயா. "தேயிலைத் தோட்டத்தில பெரிய கிளாக்கரா இருந்தவர். வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகேக்குள்ள, தனக்கு ஒரு மணிக்கூடு தருவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தவராம். துரை இதைக் குடுத்திட்டுக் கப்பல் ஏறிட்டார்."

அதை என் பக்கம் நீட்டினார்.

"ஆமியும் பொலிசும் வீடு வீடாப் பாக்கிறாங்கள் தம்பி. பக்கத்து ஒழுங்கை முடிஞ்சுது. வைச்சிருக்கவும் பயம், பொலிசில குடுக்கவும் பயம். இது வேலை செய்யாத பழைய சாமான் எண்டு தெரிஞ்சால் துணிஞ்சு கொண்டுபோய்க் குடுப்பன். வேலை செய்யுமெண்டால் என்னைத்தான் உள்ளுக்குப் போடுவாங்கள். நீர் மெஷின் தெரிஞ்ச பிள்ளை. என்ன இனம், என்ன கண்டிஷன் எண்டு பாத்துச் சொல்லும்."

அவருடைய கை நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்த பிறகு தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. (வேறு நேரத்திலும் வந்ததில்லை.) வாங்கிக்கொண்டேன்.

முதலில் இனம். குழாய் எட்டுப் பட்டையாக இருந்தது. மரக் கைபிடியில் குறுக்கும் மறுக்குமாகக் கோடு வெட்டியிருந்தது. அடியில் கயிறு கட்ட ஒரு வளையம். பக்கத்தில் ஒரு சின்ன முடி அடித்திருந்தது, ராசாக்கள் வைப்பது போல. எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன. மெஷின் பெயர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். வெளிச்சத்தில் பிடித்து மெல்ல வாசித்தேன்.

"லண்டன்."

"அது எனக்கும் தெரியும்" என்றார் ஐயா.

இனம் பார்த்து முடிந்தது.

அடுத்தது கண்டிஷன். மெஷின் வந்தால் நான் முதலில் மணந்து பார்ப்பேன். மணந்தேன். சந்தனம். கைபிடியில் காய்ந்துபோன பொட்டு ஒன்றும் இருந்தது. பிறகு ஆட்டிப் பார்ப்பேன். ஆட்டினேன். கழுத்து ஆடியது. சில்லைச் சுற்றிப் பார்ப்பேன். ரவை, அதாவது தோட்டா, போடுகிற உருளை சுற்றவில்லை, இறுகியிருந்தது. கடைசியாக ஊசிக் கண்ணுக்குள்ளால் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன்.

குழாயின் வாயில் வலது கண்ணை வைத்து அழுத்தினேன்.

ஊசிக்கும் துவக்குக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று அந்தப் பிள்ளையாராவது யோசித்திருக்க வேண்டும்.

"தம்பி, உள்ளுக்கு ஏதும் கிடக்கோ?"

"இல்லை" என்றேன், கண்ணை எடுக்காமலே. உள்ளே இருட்டாக இருந்தது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே ஒன்றும் இல்லை. குழாயின் ஓரத்தில் மட்டும் சிவப்பாகத் தூள் தெரிந்தது. துரு.

பிறகு குதிரையைப் பார்த்தேன். பின்னால் மேலே நிற்கிற சுத்தியல் போன்ற துண்டுக்குக் குதிரை என்று பெயர். (ஐயாதான் சொன்னார்.) அது அசையவில்லை. மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பெருவிரலால் இழுத்தேன். கொஞ்சம் வந்தது. இன்னும் இழுத்தேன். வழுக்கியது.

டக்.

சுவரில் இருந்த கலண்டரைத்தான் குழாய் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் கலண்டரைப் பார்த்தோம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"என்ன சத்தம்?" என்று மாமி வெளியே இருந்து கேட்டாள்.

"மெஷின்" என்றார் ஐயா.

என்ன முடிவு என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு முடிவு இல்லை. "எண்ணெய் ஊற வேணும். பிறகு சொல்லுறன்" என்றேன். இறுகிய மெஷின் எல்லாவற்றுக்கும் நான் சொல்வது இதுதான். யோசிக்க நேரம் கிடைக்கும்.

"அப்ப உம்மட கடைக்குப் போன் எடுக்கிறன். ஆனால் அந்தச் சொல்லு வாயில வரப்படாது."

அவர் சொன்னது சரி. தமிழில் துவக்கு. சிங்களத்தில் துவக்குவ. எந்த மொழியில் வாயைத் திறந்தாலும் பிடிபடுவோம்.

"மாப்பிள்ளை எண்டு கதைப்பம்" என்றார் ஐயா. "மாப்பிள்ளை எப்பிடி எண்டு நான் கேப்பன். நீர் கண்டிஷனைச் சொல்லும். ஆரும் கேட்டால் கலியாணப் பேச்சு எண்டு நினைப்பினம்."

அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்திருந்தவன் நான். இது அவருக்கு அந்த நேரம் ஞாபகம் இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

முன் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். பவானி தேத்தண்ணி கொண்டுவந்தாள். முதல்முறையாக அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். தட்டு ஆடியது. வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். குசினிக்குள் யாரோ இருமுவது போலச் சத்தம் கேட்டது.

வெட்கம் என்று நினைத்தேன். நல்ல குடும்பத்துப் பிள்ளை.

திரும்பி வரும்போது, காலி ஊருக்குப் போகிற பெரிய வீதியில் இராணுவம் பஸ்ஸை மறித்தது. இறங்கி வரிசையில் நின்றோம். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கு. அதைப் பார்த்தவுடன் ஆமிக்காரன் என்னைத் தனியாக எடுத்தான். அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்ப முகத்தைப் பார்த்தான்.

"அஹட்ட மொகத வுனே?" கண்ணுக்கு என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டான்.

ஏன் கேட்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. கண்ணுக்கு ஒன்றும் நடக்கவில்லையே. தொழிலைக் கேட்கிறான் ஆக்கும் என்று, "மஹன மெஷிம" என்றேன். தையல் மெஷின்.

அவன் தன் கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். "மல்லி, கண்ணாடியக் தாகண்ட" என்று அட்டையைத் திருப்பித் தந்தான். தம்பி, ஒரு கண்ணாடி வாங்கிப் போடு.

வீட்டுக் கதவைத் திறந்த அக்கா நெஞ்சில் கை வைத்தாள்.

"கண்ணில என்னடா?"

கண்ணாடியில் பார்த்தேன். வலது கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கொம்பாஸ் வைத்துக் கீறியது போல அவ்வளவு ஒழுங்கு.

"இந்த முகத்தோடயோ பெட்டை பாத்தனி?"

"ஓம்."

அடுத்த செவ்வாய் அக்கா கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தப் போனாள்.

நான் கடையில் இருந்து யோசித்தேன். எதிரே நகைக்கடை வாசலில் காவல்காரன் ஒருவன் துவக்கோடு நிற்பான். அது எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினான். அதோடு என் ஆராய்ச்சி முடிந்தது. மெஷின் கணக்கிலேயே முடிவு எடுத்தேன்.

போன் வந்தது. முதலாளி எடுத்துத் தந்தார். மாளிகாவத்தையில் இருந்து வருகிற முஸ்லிம் நாநா. போனைத் தந்தாலும் காதைத் தன்னோடு கொண்டுபோக மாட்டார்.

"நான் பவானி" என்றது குரல். காசு கொடுத்துப் போன் எடுக்கிற கொமியூனிகேஷன் கடையில் இருந்து கதைத்தாள். "அப்பாவுக்குக் காய்ச்சல். மாப்பிள்ளை எப்பிடி எண்டு உங்களிட்டைக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னவர்."

அப்படியென்றால் ஐயா மகளுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"மாப்பிள்ளை நல்ல பழசு."

"எவ்வளவு பழசு?"

"நூறு வருசம் வரும். வெளியால தெரியாது. பொட்டு வைச்சு மினுக்கி வைச்சிருக்கினம்."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. எழுதுகிறாள் ஆக்கும் என்று மெதுவாகச் சொன்னேன்.

"உள்ளுக்குத் துரு. கழுத்து ஆடுது. குதிரை இறுகிப் போச்சு."

"குதிரையோ?"

"ஓம். இழுத்தால் வராது. வந்தால் நிக்காது."

"... வேற?"

"வேலைக்கு உதவாது, பாவிக்க ஏலாது. ஆனால் நம்பவும் ஏலாது. எப்ப வெடிக்கும் எண்டு ஆரும் சொல்லேலாது."

"அப்ப எங்களை என்ன செய்யச் சொல்லுறீங்கள்?"

அவளுடைய குரல் மாறியிருந்தது. பயப்படுகிறாள் என்று நினைத்து ஆறுதலாகச் சொன்னேன்.

"வீட்டில வைச்சிருக்க வேண்டாம். ஒரு பையில போட்டுக் கொண்டுபோய்க் கடலில போட்டிடுங்கோ."

"மாப்பிள்ளையையோ?"

"ஓம். கல்லுக் கட்டினால் நல்லம்."

போன் வைக்கப்பட்டது. என் ஆயுளில் ஒரு பெண்ணோடு நான் அதுவரை கதைத்த ஆக நீளமான கதை அதுதான். திருப்தியாக இருந்தது.

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா செல்வா, ஒன்னப் பத்தி நீயே இப்புடிச் சொன்னா எவன் பொண்ணு தருவான்?"

அப்போதுதான் விளங்கியது. உட்கார்ந்தேன். கதிரை இல்லாத இடத்தில்.

கொட்டாஞ்சேனையில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். பவானி வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம், "மாப்பிள்ளை சரிவராதாம், தானே சொல்லிப்போட்டார்" என்றிருக்கிறாள். காய்ச்சலில் கிடந்த மனுசன் எழும்பி உட்கார்ந்து, "அப்பாடா! நல்ல காலம்! இனி நிம்மதியா நித்திரை கொள்ளலாம்" என்றாராம். மாமி கரண்டியோடு வந்திருக்கிறாள். பெற்ற பிள்ளைக்கு வந்த சம்பந்தம் குழம்பியதற்குச் சந்தோசப்படுகிற தகப்பனை அவள் அதற்கு முதல் கண்டதில்லை.

தரகர் மூலம் அக்காவுக்கும் செய்தி வந்தது. மாப்பிள்ளைக்குத் தலையில் ஏதோ சுகமில்லையாம். அக்கா என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கால்களும், உதட்டைக் கடித்த முகமும் கண்ணுக்குள் நின்றன. போய்ச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? எப்படிச் சொன்னாலும் அந்தச் சொல் வரும்.

ஒரு மத்தியானம் பவானி கடைக்கு வந்து நின்றாள். கைலேஞ்சித் துணிக்குள் சுற்றி மெஷினின் பொபின் கூட்டைக் கொண்டுவந்திருந்தாள். சாட்டுக்கு.

"இது இறுகிப் போச்சு" என்றாள். "உங்களை மாதிரி."

நான் அதை வாங்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"விருப்பமில்லாட்டி இல்லை எண்டு சொல்லியிருக்கலாம். ஏன் உங்களைக் கடலில போடச் சொன்னீங்கள்? நான் கல்லுக்கு எங்க போறது?"

முதலாளி இருந்த இடத்தில் இருந்தே வானொலியைக் கூட்டி வைத்தார். (காது இங்கேதான் இருந்தது.)

"நான் இல்லை" என்றேன்.

"ஆர் நீங்கள் இல்லை?"

"மாப்பிள்ளை நான் இல்லை."

"அது தெரியுது."

அந்தச் சொல்லை வாயில் எடுக்கக்கூடாது. கடைசியில் கையால் காட்டினேன். சுட்டுவிரலை நீட்டி, பெருவிரலை நிமிர்த்தி, மேசைக்குக் கீழே, அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. "பிள்ளையாருக்குப் பின்னால" என்றேன்.

அவள் என் விரலைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். வாயைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டாள்.

"அதுவோ மாப்பிள்ளை?"

"ஓம்."

"அதுக்கோ குதிரை?"

"ஓம்."

மெஷின் மேல் சாய்ந்து சிரித்தாள். கண்ணால் தண்ணீர் வந்தது. அது சிரிப்பால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை என்று எனக்கே தெரிந்தது. பிறகு துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அது துரு இல்லை. குங்குமம். அம்மா தோட்டத்தில வளந்தவ. அங்க ஆயுத பூசைக்குத் தேயிலை மெஷினுக்கெல்லாம் பொட்டு வைப்பினம். எங்கட வீட்டில ஆயுதம் எண்டு அது ஒண்டுதானே இருந்தது. சின்னனில நான்தான் வைக்கிறனான். சாமி உள்ளுக்கும் இருக்கும் எண்டு ஓட்டைக்குள்ள எல்லாம் சந்தனமும் குங்குமமும் அடைஞ்சு வைச்சனான்."

அப்படியென்றால் பவானி எனக்கு வைத்த முதல் பொட்டு அதுதான். கண்ணைச் சுற்றி.

கடல் யோசனையை அவள்தான் வேண்டாம் என்றாள். கடற்கரை போய்ச் சேருவதற்குள் நாலு இடத்தில் பையைத் திறக்க வேண்டும். பொலிசில்தான் கொடுக்க வேண்டும், கண்டிஷன் சொல்ல ஆளும் கூடப் போக வேண்டும் என்றாள். ஆள் என்றது என்னை.

அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் பேக்கரி வைத்திருந்தவர் பியதாச அய்யே, சிங்கள அண்ணன். பொலிசுக்கும் பாண் போடுகிறவர். அவருடைய பாண் வேனில் முன்னால் அவரும் ஐயாவும், பின்னால் பாணுக்கு நடுவில் நானும் மாப்பிள்ளையும். சூடான பாண் மணத்தை இன்றைக்கும் என்னால் முழுசாக அனுபவிக்க முடிவதில்லை.

சார்ஜன்ட் தலை நரைத்தவர். பட்டுத்துணியை அவிழ்த்தார். மணந்தார். புருவம் உயர்ந்தது, சிரிப்பு வந்தது. ஐயா சிங்களத்தில் கதையைச் சொன்னார். வேலை செய்யாது, வெறும் சாமான், பார்த்தாயிற்று என்றார். நான் தலையாட்டினேன்.

நான் அலங்காரம் என்று நினைத்த ஒரு சின்ன நாக்கைச் சார்ஜன்ட் பெருவிரலால் அமத்தினார். துவக்கு நடுவால் மடிந்து திறந்தது. (திறக்கும் என்றே எனக்குத் தெரியாது.) மேசையில் தட்டினார். காய்ந்த சந்தனக் கட்டிகள் விழுந்தன. குங்குமம் கொட்டியது. திரும்பத் தட்டினார்.

பச்சை பிடித்த ரவை ஒன்று விழுந்து உருண்டது.

குழாய்க்கு நேரே இருந்த ஓட்டையில் இருந்து வந்தது அது. நான் பார்த்த இருட்டு அதுதான்.

சார்ஜன்ட் அதைத் திருப்பினார். பின்பக்கத்தில் சின்னதாக ஒரு பள்ளம். புதுசு. குதிரை உதைத்த இடம். வயது போன ரவை, வெடிக்க மறந்துபோயிருந்தது. கலண்டரை நினைத்தேன். அதற்கு முதல் கண்ணை நினைத்தேன். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"கவுத பேலுவே?" என்று கேட்டார் சார்ஜன்ட். யார் இதைப் பார்த்தது?

ஐயாவும் பியதாச அய்யேயும் என்னைப் பார்த்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். அடையாள அட்டையைக் கேட்டார். பிறந்த இடத்தை வாசித்தார். அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு போனது. வடக்கில் பிறந்த இளம் பெடியன். மேசையில் துவக்கு. பக்கத்தில் ரவை. இவன் யார், இவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை.

சிவஞானம் ஐயா எழும்பினார். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்கூட ஆகாத மனுசன். கை நடுங்கவில்லை. என் தோளைப் பிடித்தார்.

"அபே பேனா" என்றார்.

எங்கள் மருமகன். (சிங்களத்தில் மருமகனுக்குப் பேனா என்று பெயர். எழுதப் படிக்க அவ்வளவாக வராத எனக்கு அந்தப் பெயர்.) அதுவரை அந்த வீட்டில் கலியாணம் என்று ஒருவரும் முடிவு சொல்லவில்லை. பியதாச அய்யேயும், "ஓவ், ஓவ், பேனா தமய்" என்றார். மருமகனேதான்.

சார்ஜன்ட் ரவையைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். அட்டையைத் திருப்பித் தந்தார். பிறகு ஐயாவிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். வேனில் ஏறிய பிறகுதான் ஐயா அதை மொழிபெயர்த்தார்.

"மருமகன் நல்ல பிள்ளையாம். ஆனால் வீட்டில எதையும் திருத்தக் குடுக்க வேண்டாமாம்."

நடந்ததைக் கேட்ட மாமி, "என்ர பிள்ளை அடைஞ்ச சந்தனந்தான் காப்பாத்தினது" என்றாள். இல்லை, ரவைக்கு வயசு போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. எனக்கு மட்டும் என்ன தெரியும்.

கலியாணம் நடந்தது. யுத்தமும் ஒருநாள் முடிந்தது. ஐயா இப்போது இல்லை. மாமியும் இல்லை. மகள் வெளிநாட்டில் இருந்து போன் எடுத்தால், "அம்மா, மாப்பிள்ளைட கண்டிஷன் எப்பிடி?" என்றுதான் தொடங்குவாள். பவானி என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள். "பழசுதான். கழுத்து ஆடுது. குதிரை இழுத்தால் வராது. கல்லுத் தேடிக்கொண்டிருக்கிறன்."

ஆயுத பூசைக்கு என் ஸ்குரூ டிரைவர்களுக்கும் எண்ணெய்ப் போத்தலுக்கும் வரிசையாகப் பொட்டு வைப்பாள். விரலில் மிஞ்சிய குங்குமத்தை என் வலது கண்ணுக்கு மேலே, நெற்றியில் துடைப்பாள். கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள்.

"பாவிக்கலாம்" என்பாள்.